கொடைமடமும் படைமடமும்: இணையப் போர்க்களத்தில் தொடக்கப்படி வீரனின் பெருங்கவசம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனை அறியாதார் இவ்வவையில் இரார். அம்மயிலுக்கு மெய்யாகவே குளிரெடுத்ததா, போர்வையை அது போர்த்திக்கொள்ளுமா என்றெல்லாம் அவன் ஆராயவில்லை; கொடுத்தான். அவனைப் பாடிய பரணர், புறநானூற்றின் 142ஆம் பாட்டில் இவ்வகை ஈகைக்குக் கொடைமடம் என்று பெயர் தருகிறார். அதனோடு வேறொரு சொல்லையும் இணைத்து நிறுத்துகிறார், அது படைமடம். பேகன் கொடுக்கும் இடத்தில் அறியாமைப்படுவானேயன்றிப் போர் செய்யும் இடத்தில் அவ்வாறு ஆகான் என்பது பரணர் அவனுக்கு வழங்கும் பாராட்டு. தகுதியும் பயனும் நோக்காது வாரிக் கொடுப்பது கொடைமடம். படைமடமாவது யாதெனின், வீரர் அல்லாதார், முதுகு காட்டினார், புண்பட்டார், மூத்தார், இளையார் ஆகியோர்மேல் படைக்கலம் எடுத்துச் செல்லுதல் என்று பழைய உரை விளக்குகிறது. இவ்வரிசையில் இளையார் என்னும் சொல்லை அவையோர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். இன்றைய பொருளுக்கு அதுவே அச்சாணி.

இரண்டும் மடமே. ஒன்றைப் புலவர் கொண்டாடுகிறார். மற்றொன்றை இழிவென்று ஒதுக்குகிறார். இவ்வேறுபாட்டைக் கையில் விளக்காக ஏந்திக்கொண்டு, சங்கப் புலவர் கனவிலும் காணாத ஒரு களத்துள் நுழைவதே இவ்வுரையின் நோக்கம்.

இலக்கிய மேடையில் இணைய விளையாட்டைப் பேசுவதா என்று முகம் சுளிப்போர் இருத்தல் கூடும். காரியாபட்டிப் பேருந்து நிலையத்தில் மதுரைக்கோ அருப்புக்கோட்டைக்கோ வண்டியை எதிர்நோக்கி நிற்கும் இளைஞர்களின் கைப்பேசியை ஒருமுறை எட்டிப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறும். அவர்கள் அங்கே போர் செய்துகொண்டிருக்கிறார்கள். வஞ்சியும் தும்பையும் பயின்றவர்க்கு அங்கே வேலை உண்டு. பணம் கட்டி ஆடும் சூதாட்டங்களும், அவற்றைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2022இலும் ஒன்றிய அரசு 2025இலும் இயற்றிய சட்டங்களும் வேறு பொருள்; அவை ஈண்டு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

முதலில் களத்தைச் சற்று விளக்க வேண்டும். 1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்டு பார்ட்டில் என்னும் மாணவர் இருவர் 'மட்' என்னும் விளையாட்டை உருவாக்கினர். பலர் ஒரே கற்பனை உலகில் ஒருங்கே உலவத்தக்க விளையாட்டு அது. அதில் படமே இல்லை. மலை, காடு, குகை, பகைவன் யாவும் சொற்கள். சொல்லாலேயே எழுப்பிய உலகில்தான் இவ்வகை விளையாட்டு பிறந்தது என்பது கவிஞர்க்கு உவப்பான செய்தியாகும். பின்னர்ப் படம் வந்தது. 1999இல் எவர்குவெஸ்ட் வந்தது. 2004இல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இவ்வுலகங்களில் குடியேறினர்.

இவற்றின் அமைப்பு எளியது. ஆடுவோர் தமக்கென ஒரு வீரனைப் படைத்துக்கொள்வர். அவன் முதற்படியில் நிற்பான். கையில் மழுங்கிய வாள்; உடலில் நைந்த ஆடை. எலியையும் ஓநாயையும் கொன்று அனுபவப் புள்ளிகள் சேர்ப்பான். புள்ளி நிறைந்தால் அடுத்த படி ஏறுவான். படி ஏற ஏற உடல்வலிமை பெருகும். வலிய பகைவரை வென்று வலிய படைக்கலங்களைப் பெறுவான். உச்சிப்படியை எட்டிய முதுவீரனின் பெட்டகத்தில் அரிய வாளும் கவசமும் நிறைந்திருக்கும். அவன் ஒருநாள் புதிதாக இன்னொரு வீரனைப் படைக்கிறான். அப்புதியவன் முதற்படியில் நிற்கிறான். முதுவீரன் தன் பெட்டகத்தைத் திறந்து அரிய கவசத்தை அவனுக்கு அணிவிக்கிறான். இச்செயலை ஆட்டக்காரர் ட்விங்க்கிங் என்பர். அவ்வாறு அணி செய்யப்பட்ட சிறுபடி வீரனை ட்விங்க் என்பர். இஃது ஆட்டத்தின் அறைகூவலைக் கெடுக்கிறதா என்பதுதான் வழக்கு. கால் நூற்றாண்டு கடந்தும் அவர்களிடையே அது தீரவில்லை.

எவர்குவெஸ்டில் புகழ்பெற்ற ஒரு கவசம் உண்டு. 2000ஆம் ஆண்டு வெளிவந்த குனார்க் என்னும் விரிவாக்கத்தில், பாழடைந்த செபிலிஸ் நகரின் அடியில், காளான் மக்களின் அரசன் ஒருவன் இருப்பான். அவனை வீழ்த்த உயர்படி வீரர் பலர் கூடி முயல வேண்டும். வீழ்ந்தால், பூஞ்சை படர்ந்த செதிற்கவசம் ஒன்று சில வேளை கிட்டும். அதனை அணிந்தவன் புண் தானே ஆறிக்கொண்டிருக்கும். உச்சிப்படி வீரனுக்கு இஃது ஓர் உதவி, அவ்வளவே. முதற்படி வீரனுக்கோ அஃது ஏறத்தாழச் சாவாமை. அவனுடைய உயிராற்றல் முழுவதுமே மிகச் சிறிதாகலின், சில நொடிகளில் அக்கவசம் அதனை நிரப்பிவிடும். ஓநாய் கடித்துக்கொண்டே இருக்கும். புண் ஆறிக்கொண்டே இருக்கும். கவசத்தை அணிவதற்கு இத்தனையாம் படி வேண்டும் என்ற கட்டுப்பாடு அன்று அதற்கு இல்லை. ஆதலின் அக்கவசம் தொடக்கப்படி வீரர்க்கென்றே தேடி வாங்கப்பட்டது.

இங்கே கெட்டது எது? ஓநாய்க்கு வருத்தமில்லை. அது பொறியின் கற்பனை. அணிந்தவனோ முன்னரே ஒருமுறை மழுங்கிய வாளுடன் தொடங்கிப் படி அனைத்தும் ஏறி வந்தவன். அதே ஓநாயிடம் அதே கடி மீண்டும் படுதல் அவனுக்கு அறைகூவல் அன்று, அலுப்பு. ஏறிய மலையை மறுமுறை ஏறுபவன் குறுக்குவழி நாடுவதை யாரும் பழிப்பதில்லை. எனவே காட்டில் நிகழும் இக்கொடை பெரும்பாலும் கொடைமடத்தின்பாற் படும்.

பெரும்பாலும் என்று கூறியதற்குக் காரணம் உண்டு. அவ்வுலகில் ஓநாய் பொதுச்சொத்து. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று அவ்விடத்தில் தோன்றச் சில மணித்துளிகள் ஆகும். பூஞ்சைக் கவசத்தான் ஒருவன் அக்காட்டில் இறங்கினால், தோன்றும் ஓநாயையெல்லாம் தோன்றிய கணத்தில் அவனே வெட்டிவிடுவான். மெய்யாகவே புதிதாய் வந்த நால்வர் மழுங்கிய வாளுடன் மரத்தடியில் காத்திருப்பர். ஊர்க்குளத்தில் ஒருவர் மட்டும் பெரிய மின்னிறைப்பி வைத்தால் மற்றவர் ஏற்றத்திற்கு என்ன நேருமோ அதுவே அங்கும் நேர்ந்தது. நீர் வற்றும் நாட்டில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மெய்யான புதியவனுக்கே முதுவீரன் கொடுத்தால்? இதுவும் அவ்வுலகில் பெருவழக்காய் இருந்தது. எவர்குவெஸ்டின் கிழக்குப் பொதுநிலத்தில் ஒரு சுரங்கவழி. ஆட்டக்காரர் தாமே அதனைச் சந்தையாக்கிக் கொண்டனர். விளையாட்டை அமைத்தவர் அங்கே கடை எதுவும் கட்டவில்லை. அவ்வழியே தடுமாறி வரும் புதியவனை நிறுத்தி, தமக்கு உதவாத பழைய வாளையும் மார்புக் காப்பையும் கொடுத்தனுப்பிய முதுவீரர் பலர். பெயர் கேளார், கைம்மாறு கேளார். அயலாரிடம் இவ்வாறு ஒரு வாள் பெற்றதனாலேயே அவ்வுலகில் தங்கிவிட்டோர் பலர். இக்கொடையால் புதியவன் முதற்சில படிகளின் இடரை இழந்தான் என்பது மெய்யே. ஆனால் இவ்வுலகில் தன்னைப் பொருட்படுத்துவார் உளர் என்பதை அறிந்தான். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தால் பின்னதன் தட்டே தாழும்.

ஒரு குறையை மட்டும் மறைத்தல் ஆகாது. ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தி 95ஆம் புறப்பாட்டில் உள்ளது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூட்டி நெய் பூசிக் காவல்மனையில் ஒளிர்ந்தன. அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. எது பெருமை என்பதை ஔவையார் சொல்லாமல் சொன்னார். கொடையாகப் பெற்ற பெருங்கவசம் தொண்டைமான் வீட்டுக் கவசம். அதன் ஒவ்வொரு கீறலுக்கும் பின்னால் ஒரு கதை இல்லை. காளான் அரசனைத் தேடிச் சென்ற இரவில்லை. உடன் வந்து வீழ்ந்த தோழரில்லை. ஆனால் இவ்விழப்பு பெற்றவனுக்கு மட்டுமே உரியது. வேண்டாமென்று மறுக்கவும் அவனால் இயலும்.

பிறகு கொடையின் இடத்தில் விலை புகுந்தது. எவர்குவெஸ்டின் கவசங்களும் வீரர்களும் ஈபே என்னும் ஏலத்தளத்தில் மெய்ப்பணத்திற்கு விற்கப்பட்டன. விளையாட்டின் உரிமையாளரான சோனி நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 2001இன் தொடக்கத்தில் அவ்வேலங்கள் நீக்கப்பட்டன. வணிகம் மறைவாகத் தொடர்ந்தது. விளையாட்டு அமைப்போர் வேறு வழிகளை நாடினர். எடுத்தவனோடு ஒட்டிக்கொண்டு பிறர் கைக்குச் செல்லாத படைக்கலங்களை அமைத்தனர். 2000இல் வெளிவந்த டயாப்ளோ 2 போன்றவற்றில், குறிப்பிட்ட படியை எட்டாதவன் குறிப்பிட்ட வாளை ஏந்தவே முடியாது. இவ்விதிகள் பயன் தந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் படைமடத்தைத் தடுக்கப் போய்க் கொடைமடத்தையும் சேர்த்து ஒழித்தன. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போன்ற தீர்வு இது. சுரங்கவழியில் நின்ற முதுவீரனின் கை வெறுங்கையாயிற்று.

இனி உண்மையான கேடு நிகழ்ந்த களத்திற்கு வரலாம். 2005ஆம் ஆண்டு வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் மனிதரோடு மனிதர் பொரும் களங்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வார்சாங் கல்ச். இருதரப்பிலும் பத்துப் பத்துப் பேர். எதிரியின் கொடியை மும்முறை கவர்ந்து வருபவர் வென்றவர். வலியோர் எளியோரை நசுக்காதிருக்கப் பத்துப் பத்துப் படிகளாகப் பிரித்து வைத்தனர். பத்தாம் படி முதல் பத்தொன்பதாம் படி வரை உள்ளோர் தமக்குள் பொருதலாம். நல்ல எண்ணத்தோடு கட்டிய வேலி அது. அவ்வேலிக்குள்தான் ட்விங்க் புகுந்தான்.

அவன் பத்தொன்பதாம் படியில் நின்றுவிட்டான். அதற்குமேல் ஏறுவதில்லை என்பது அவன் முடிவு. அப்படிக்கு உரிய கலங்களுள் மிகச் சிறந்தவற்றைத் தேடித் தேடி அணிந்தான். உச்சிப்படித் தோழரைத் துணைகொண்டு அரிய வாள் பெற்றான். பெரும்பொன் கொடுத்து அவ்வாளுக்கு மந்திரம் ஏற்றினான். இதற்கு வாரக்கணக்கில் உழைத்தோர் உளர். இவ்வுழைப்பை எளிதில் இகழ்தல் கூடாது. குறுகிய எல்லைக்குள் நின்று, தளை தட்டாமல், ஒவ்வோர் அணியையும் பொறுக்கி வைக்கும் வேலைப்பாடு அது. வெண்பாப் பாடுவோர்க்கு அதன் இன்பம் புரியும். தம் செயலை ட்விங்க் வீரர் இவ்வாறே காத்துப் பேசினர்: எல்லை சிறிதானால் திறம் கூர்மையுறும் என்பது அவர் வாதம்.

வாதம் அழகியது. ஆனால் அவ்வெண்பாவை அவர்கள் அரங்கேற்றிய அவை எது? பதினொன்றாம் படியில், கிடைத்த துணியைச் சுற்றிக்கொண்டு, மனிதரோடு பொருதல் எப்படியிருக்கும் என்று காண வந்தவன் ஒருவன் அக்களத்துள் நுழைகிறான். வேலியைத் தாண்டி இரண்டடி வைக்கிறான். ஒரு வெட்டு, வீழ்கிறான். மீண்டும் எழுகிறான், மீண்டும் ஒரு வெட்டு. தன்னை வீழ்த்தியவன் தன்னைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் உயிராற்றல் உடையவன் என்பதை அவன் அறியான். தான் எங்கே தவறினோம் என்று எண்ணுகிறான். தவறியதாக ஒன்றுமில்லை. தோல்வியிலிருந்து கற்பதற்கும் ஒன்றுமில்லை. அறைகூவல் என்பது, தோற்றவன் அடுத்த முறை வேறு ஏதாவது செய்தால் வெல்லக்கூடும் என்ற நிலை. அந்நிலை இல்லாத இடத்தில் நடப்பது ஆட்டம் ஆகாது, வேட்டை ஆகும். இளையார்மேல் செல்லுதல் என்று உரையாளர் எழுதியது இதனையே.

இங்கு ஒரு சொல்மயக்கத்தைக் களைய வேண்டும். தொடக்கப்படி வீரனுக்குப் பெருங்கவசம் கொடுத்தல் என்று வழக்கைக் கூறும்போதே, எளியவனுக்கு வலிமை தந்தது போன்ற ஒரு தோற்றம் எழுகிறது. ட்விங்க் எளியவன் அல்லன். அவன் தொடக்கப்படியில் நிற்கும் முதுவீரன். பத்தொன்பது என்பது அவனது பருவத்தைக் காட்டும் எண்ணன்று. அவன் மறைந்து நிற்கும் மரம். கவசம் வலியது என்பதனைக் காட்டிலும், அதனை அணிந்திருக்கும் கை பழகிய கை என்பதே புதியவனைக் கொன்றது. சிவகாசிப் பட்டாசுத் தொழிலை அறிந்தார்க்கு இதன் மறுதலை நன்கு தெரியும். அங்கே புதிதாய் வேலைக்கு வந்தவர் சரம் பின்னுவார்; மருந்துக் கலவை அறை பயிற்சி பெற்றவர்க்கே உரியது. பழகாத கையில் வலிய பொருளைக் கொடுத்த இடங்களில் நேர்ந்ததை இம்மாவட்டம் பலமுறை அழுது அறிந்திருக்கிறது. இணையக் களத்தின் கேடு நேர்மாறானது. பழகிய கை, பழகாத கைபோல் வேடம் பூண்டு நிற்கிறது. கவசமே இல்லாமலும் இவ்வேடம் நிகழ்கிறது. டோட்டா 2 என்னும் விளையாட்டில், தேர்ந்தோர் புதுப்பெயரில் கணக்குத் தொடங்கிப் புதியவரோடு மோதுவதைப் பொறாமல், 2023 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் அத்தகைய 90,000 கணக்குகளை முடக்கியதாக அறிவித்தது.

2009 ஆகஸ்டில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டை நடத்தும் பிளிசார்டு நிறுவனம் ஒரு தீர்வு கண்டது. அதனை அறிவார்ந்த தீர்வு என்றே கூற வேண்டும். களத்தில் பொருதாலும் அனுபவப் புள்ளி சேரும். ஆகவே எவரும் தம்மையறியாமல் படி ஏறிவிடுவர். ஏற விரும்பாதவன் நகரில் உள்ள ஒருவனிடம் பத்துப் பொன் கொடுத்துத் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அவ்வாறு நிறுத்திக்கொண்டவன், அவ்வாறே நிறுத்திக்கொண்ட மற்றவர்களோடு மட்டுமே இனிப் பொருதலாம். ட்விங்க்கைத் தடை செய்யவில்லை, கவசத்தைப் பறிக்கவில்லை, ட்விங்க்கும் ட்விங்க்கும் மோதுக என்று விட்டனர். சமமான கவசம், சமமான பழக்கம், குறுகிய எல்லை. தாங்கள் வேண்டியது அறைகூவலே என்று கூறிவந்தவர்க்கு இதைவிட நல்ல களம் கிடையாது.

நடந்தது என்ன? ஒரு சாரார் மகிழ்ந்தனர். தம்மைப்போல் அணிந்தவரைத் தேடி ஓரிடத்தில் திரண்டு, முன்னெப்போதும் இல்லாத கடும்போர் புரிந்தனர். அவர்கள் வாதம் மெய்யென்று நிறுவப்பட்டது. வேறு பல இடங்களில் பத்துக்குப் பத்து ஆள் சேராமையால் களம் திறக்கவே இல்லை. காத்திருந்து சலித்துப் பலர் நீங்கினர். நீங்கியோர் தேடியது எது என்பதை இனி எவரும் சொல்ல வேண்டியதில்லை. எதிரே நிற்பவன் நிகரானவன் ஆனதும் அவர்களுக்கு ஆட்டத்தில் சுவை போயிற்று. இவ்வழக்கில் இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

பெருங்கவசம் அணிந்த இளையோன் எல்லா இடத்தும் இகழத்தக்கவனா என்றால், இல்லை என்பதற்குச் சான்று பாண்டிநாட்டிலேயே உண்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் அரசுகட்டில் ஏறியபோது மிக இளையன். இடைக்குன்றூர் கிழார் அவனைப் பாடிய 77ஆம் புறப்பாட்டில், சதங்கை கழற்றிய காலில் கழல் புனைந்தவனாகவும் சிறுவர் அணியும் தாலியை இன்னும் களையாதவனாகவும் அவன் தோன்றுகிறான். இன்றைய வழக்கில் கூறினால் தொடக்கப்படி வீரன். அவன் கையிலிருந்த படை அவன் ஈட்டியதன்று. குடையும் யானையும் சேனையும் முன்னோர் விட்டுச்சென்ற பெருங்கவசம். எதிரே நின்றோர் யார்? சேர சோழர் இருவரும் வேளிர் ஐவரும். ஏழ்வரும் முதிர்ந்தோர், இளையன் என்று அவனை எள்ளியோர். முன்னோர் கவசத்தை அணிந்து அவன் மேல்நோக்கிப் போர் தொடுத்தான். அக்கவசத்தையே அணிந்து தன்போன்ற இளஞ்சிறாரை வெருட்டியிருந்தால் அவனைப் பாட ஒரு புலவரும் வந்திரார். ஆகவே கவசத்தின் வலிமையை அளந்து பயனில்லை. அஃது எத்திசை நோக்கி ஏந்தப்பட்டது என்பதையே காண வேண்டும்.

நாட்டுப்புற ஆட்டங்கள் இவ்வறிவை நெடுங்காலமாகப் பேணி வந்துள்ளன. கோயில் மண்டபங்களின் தளக்கல்லில் கீறப்பட்டிருக்கும் ஆடுபுலி ஆட்டத்தை நோக்குக. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாவி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் ஆற்றல் அறவே இல்லை. இதைவிடச் சமமின்மை வேறெங்கும் இல்லை. ஆயினும் அங்கே அறைகூவல் குன்றுவதில்லை. சமமின்மை வெளிப்படையாகப் பலகையில் கிடக்கிறது. இருவரும் அறிந்தே அமர்கின்றனர். ஆடு கூடி நெருக்கிப் புலியை அடைக்க வழி உண்டு. அடுத்த ஆட்டத்தில் இடம் மாறிக்கொள்ளலாம். சேவற்போரில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். வெற்றுக்கால் சேவல்கள் பொருதும்போது வளர்ப்பும் பயிற்சியும் மூச்சும் மெல்ல மெல்ல வெளிப்படும். காலில் கத்தி கட்டிவிட்டால் தேர்ந்த சேவலும் தேராத சேவலும் ஒரு வீச்சில் முடிந்துவிடும். வெற்றுக்கால் போரைக் கலையென்று போற்றும் முதியவர்கள் கத்திக்கட்டை மதிப்பதில்லை; உயிரிரக்கம் ஒருபுறமிருக்க, பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பது அவர்கள் குறை. எடைப்பிரிவு வைத்து நடத்தும் கபடியில் எடையை மறைத்து ஆள் இறக்குவதும், சிறுவர் துடுப்பாட்டத்தில் வயதைக் குறைத்துக் காட்டுவதும் வார்சாங் கல்ச்சின் கதையே. வயதைக் காண இந்தியத் துடுப்பாட்ட வாரியம் எலும்பைப் படமெடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

கைப்பேசியில் இளைஞர் ஆடும் ஆட்டங்களிலும் இருவேறு நெறிகளைக் காணலாம். பப்ஜி என்னும் ஆட்டம் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டு, 2021இல் வேறு பெயரில் மீண்டது. அதில் நூறு பேர் வானூர்தியிலிருந்து வெறுங்கையுடன் குதிக்கின்றனர். கோடீசுவரன் மகனும் கூலிக்காரர் மகனும் தரையில் கிடக்கும் துப்பாக்கியைத்தான் எடுத்தாக வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் அணிமணிகள் கண்ணுக்கு அழகேயன்றிக் கைக்கு வலிமையல்ல. 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்ட ஃப்ரீ ஃபயரிலும் வெறுங்கையுடனேயே குதித்தனர். ஆனால் பணம் செலவிட்டுப் பெறும் துப்பாக்கி உறைகளுள் பல, துப்பாக்கியின் தாக்கத்தையோ விரைவையோ சற்று மிகுவித்தன. மிகுதி சிறிதுதான். எனினும் கடைக்காரரே ட்விங்க்கை உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டார் என்பது அதன் பொருள். கொடுப்பவன் மறைந்தான், விற்பவன் வந்தான். கொடைமடத்துக்கு அங்கே இடமே இல்லை.

கவிஞர் அவையில் இப்பொருளை எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆண்டுதோறும் பள்ளிகளில் கவிதைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நிகழ்கின்றன. எட்டாம் வகுப்பு மாணவி மேடையேறுகிறாள். அவள் வாயில் வருவது அவளுடைய ஆசிரியரின் எதுகை. அல்லது கவிஞராகிய தந்தையின் உவமை. நடுவர்க்கு அது தெரியும். பரிசு அவளுக்கே போகிறது. அடுத்து, தானே எழுதிய எட்டு வரியைத் தாளில் மடித்து வைத்துக்கொண்டு ஒருவன் வருகிறான். தளை தட்டுகிறது, ஓரிடத்தில் ஒற்று மிகவில்லை. அவன் கைதட்டலின்றி இறங்குகிறான். எங்கே தவறினோம் என்று பதினொன்றாம் படி வீரன் எண்ணியவாறே அவனும் எண்ணுகிறான். அவனுக்கும் எவரும் சொல்வதில்லை. மறு ஆண்டு அவன் பெயர் பட்டியலில் இருப்பதில்லை. மாணவியின் ஆசிரியர் வீட்டில் அமர்ந்து அவள் கவிதையைத் திருத்தித் தந்ததில் குற்றமில்லை, அது கொடை. அதனைச் சிறுவர் போட்டியின் வேலிக்குள் கொண்டு இறக்கியதே பிழை. பெரியோர் கவியரங்கில் அவள் அதே திருத்திய கவிதையோடு நின்றிருந்தால் அவை எழுந்து பாராட்டியிருக்கும்.

கொடுக்கும் கையையும் கட்டாமல், இளையாரையும் வதைக்காமல் வழி உண்டா என்று கேட்போர்க்கு, 2004இல் வெளிவந்த சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்னும் விளையாட்டு காட்டிய முறை கருதத்தக்கது. அதில் முதுவீரன் தன் கவசத்தை இளையவனுக்குக் கழற்றிக் கொடுக்க வேண்டியதில்லை. இளையவனைத் துணைவனாக ஏற்றால் போதும். உடனிருக்கும் வரை இளையவன் முதுவீரனுக்கு ஒருபடி மட்டுமே கீழானவனாக உயர்ந்து நிற்பான். வலிய பகைவரோடு வலியாரின் தோளருகே நின்று பொருதுவான். அவன் கையிலிருப்பவை அவன் ஈட்டிய ஆற்றல்களே. உயர்த்தப்பட்டது அவன் நிற்கும் படி. பிரிந்தால் பழைய படிக்கு இறங்குவான். அதுவரை கற்றது கையில் இருக்கும். எதிர்முறையும் அங்கே உண்டு. இளையவனின் காட்டிற்கு முதுவீரன் செல்ல விரும்பினால், அவன் படி தாழ்த்தப்படும். மிகவும் பிந்திப் பெற்ற ஆற்றல்கள் அவனிடமிருந்து அடங்கிப்போகும். இளையவன் படுகின்ற அதே கடியை அவனும் படுவான். ஓநாய் முழுவதையும் அவனே வெட்டித் தீர்த்தல் இயலாது.

அவ்விளையாட்டை நடத்திய நிறுவனம் 2012 நவம்பர் 30ஆம் நாள் அதனை மூடிவிட்டது. ஆடியவர்கள் விடவில்லை. தாமே அதனை மீண்டும் எழுப்பி இயக்கினர். 2024 சனவரியில் அவர்களுள் ஒரு குழுவுக்கு உரிமையாளரின் இசைவும் கிடைத்தது. இன்றும் அங்கே புதிதாய் வருபவனை நிறுத்தி, உடன் வருகிறாயா என்று கேட்கும் முதியோர் இருக்கின்றனர்.